அவுரிக் கிட்டங்கியில் ஒரு கலியாணப் படம்

முத்துக்கனி டீச்சருக்கு அன்றைக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. ஒரு படத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். யாராவது வந்து, "இது யாரு?" என்று கேட்டால், "நான்தான்" என்று சொல்ல வேண்டும். இதைவிட லேசான வேலையை யாரும் யாருக்கும் கொடுத்துவிட முடியாது. இருந்தும் காலையிலிருந்தே அவளுக்கு வயிற்றைக் கலக்கியது. படம் மாட்டியிருந்த இடமும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். அது அவுரிக் கிட்டங்கி. பேதி மருந்துக்காக ஜெர்மனிக்குக் கப்பலேறுகிற அவுரி இலையை மூட்டை மூட்டையாக அடுக்கி வைக்கிற இடம். அந்தத் தூசியை அரை மணி நேரம் முகர்ந்தவர்கள் அப்புறம் அங்கே நின்று கதை பேசுவது கிடையாது.

அந்த வருஷம், எழுபத்தைந்தில், உலகம் பூராவும் பெண்கள் ஆண்டு என்று அறிவித்திருந்தார்கள். அடுத்த வருஷம் யாருடைய ஆண்டு என்று யாரும் சொல்லவில்லை. ஆண்டு முடிவதற்குள் எதையாவது செய்துவிட வேண்டுமே என்று மெட்ராஸிலிருந்து சுலோசனா என்ற அம்மாள், தலைமுடியைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டு, எட்டுப் பெண்கள் வரைந்த படங்களையும் செய்த சாமான்களையும் லாரியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுவந்தாள். தூத்துக்குடியில் அவளுக்குத் தெரிந்தது ஓவிய டீச்சர் அமலோற்பவம் ஒருத்திதான். ஒன்பதாவது ஆளாக அமலோற்பவமும் ஒரு படம் கொடுத்தாள். இடம் கொடுத்தது முத்துக்கனியின் அண்ணன் செந்தூர்பாண்டி. அவுரி வியாபாரி. நோட்டீஸில் பெயர் போடுகிறோம் என்றதும் மூட்டைகளை ஒரு பக்கமாகத் தள்ளச் சொல்லிவிட்டார். என்ன படம், ஏது படம் என்று அவர் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஏனென்றால் அமலோற்பவம் வரைந்திருந்தது முத்துக்கனியையும் தன்னையும். அதுவும் எப்படி? ஊரில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் வாசலுக்கு நேரே ஸ்டுடியோவில் எடுத்த படம் ஒன்று தொங்குமே, பின்னால் அரண்மனைப் படிக்கட்டு வரைந்த திரை, பக்கத்தில் ஸ்டூல், ஸ்டூல் மேல் பூ ஜாடி, மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்திருக்க, பொண்ணு நாற்காலி முதுகில் கை வைத்துக்கொண்டு நிற்குமே, அப்படி. நாற்காலியில் அமலோற்பவம். நிற்பது முத்துக்கனி. கீழே சின்ன அட்டையில் 'கலியாணப் படம்' என்று எழுதி ஒட்டியிருந்தது.

இரண்டு பேரும் ஒரே கன்னியர் பள்ளியில் டீச்சர். முத்துக்கனிக்குத் தையல். ஒரே வீட்டில் பதினேழு வருஷம். வீடு செந்தூர்பாண்டியுடையது. கூடக் குடியிருக்கிற டீச்சர் என்று தங்கை சொன்னாள். சரி என்று விட்டுவிட்டார். பதினேழு வருஷத்தில் ஒரு நாள்கூட அவர் அந்த வீட்டுப் படியேறியதில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் ஆள் விட்டுக் கூப்பிடுவார்.

சண்டை ஆவணி மாசம் ஆரம்பித்தது. செந்தூர்பாண்டியின் மகள் கலியாணத்தில் சம்பந்தி வீட்டம்மாள், "இவுங்க யாரு?" என்று அமலோற்பவத்தைக் காட்டிக் கேட்டாள். முத்துக்கனி வாய் கூசாமல், "எங்க வீட்டு மாடியில குடியிருக்காங்க" என்று சொல்லிவிட்டாள். அந்த வீட்டுக்கு மாடி கிடையாது. ஓட்டு வீடு. அன்றைக்குப் பந்தியில் அமலோற்பவம் பாயசத்தைத் தொடவில்லை. வீட்டுக்கு வந்ததும் படம் வரைய உட்கார்ந்துவிட்டாள். மூன்று மாசம் வரைந்தாள். வரைந்து முடித்த அன்றைக்குத் திருச்சியிலிருந்து ஒரு கடிதமும் வந்து சேர்ந்தது. அங்கே ஒரு பள்ளியில் ஓவிய டீச்சர் வேலை, விடுதியிலேயே அறை, வருகிறீர்களா என்று கேட்டிருந்தார்கள்.

"ஏளா கனி, நான் ஒன்ன மைக் புடிச்சுச் சொல்லுன்னு கேக்கல" என்றாள் அமலோற்பவம். "கேட்டா சொல்லு. இல்லன்னு மட்டும் சொல்லிராத. சொன்னேன்னு வையி, நான் திருச்சிக்கு வாரேன்னு எழுதிப் போட்டிருவேன்."

"எங்க அண்ணன் வந்து கேட்டா?"

"அவரு கேட்டாலுந்தான்."

"அவரு வீட்ட விட்டு எறக்கிருவாரு. என்னயக் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயி மதினிகூட வச்சிருவாரு. அப்புறம் நீ எங்க, நான் எங்க?"

"எப்படியும் பிரியதுன்னா, சொல்லிட்டுப் பிரிவோம். சேசுவே, மாடியாம்லா, மாடி!"

ஆக, சொன்னாலும் போச்சு, சொல்லாவிட்டாலும் போச்சு. முத்துக்கனி சொல்லாமல் இருப்பதற்கே தயார் செய்துகொண்டு வந்தாள். படத்தில் இருப்பது அமலோற்பவத்தின் சித்தி மகள், ஊர் வீரபாண்டியன்பட்டினம் என்று சொல்லலாம் என எண்ணம். அமலோற்பவம் எட்ட இருக்கும்போது மெதுவாகச் சொல்லிவிட்டால் தெரியவா போகிறது? பயந்த மனசுக்குப் புத்தி இப்படித்தான் போகும்.

பத்து மணிக்குத் திறப்பு விழா. செந்தூர்பாண்டி குத்துவிளக்கு ஏற்றுவதாக இருந்தது. ஆனால் கப்பலில் சரக்கு ஏறிக்கொண்டிருக்கிறது, நாலு மணிக்கு வாரேன் என்று சொல்லிவிட்டார். அவசர நிலைக் காலம் ஆனதால், சர்க்காரை ஏதும் ஏசி வரைந்திருக்கிறார்களா என்று பார்த்துப் போக நயினார் ஏட்டு வந்திருந்தார். வந்தவரைப் பிடித்து விளக்கேற்றச் சொல்லிவிட்டாள் சுலோசனா. அவரும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பயபக்தியோடு ஏற்றினார். பிறகு ஒரு சுற்று சுற்றினார். மீசை வைத்த ஒரு பெண்ணின் படத்துக்கு முன்னால் மட்டும் கொஞ்சம் கூடுதலாக நின்று தன் மீசையைத் தடவிக்கொண்டார். 'ஆட்சேபகரமாக ஒன்றுமில்லை, பெண்கள் படங்கள்' என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு போனார்.

கூட்டம் வரத்தான் செய்தது. இலவசம் என்று போட்டிருந்ததல்லவா. உப்பளத்து வேலை முடிந்து இசக்கித்தாய் வந்தாள். காலில் உப்புநீர் வெடிப்பு, கையில் தூக்குச் சட்டி. உத்தரத்திலிருந்து தரைவரைக்கும் ஒரு நூல் புடவை தொங்கிக்கொண்டிருந்தது. அதில் சிவப்பு நூலால் பூராவும் எழுத்துத் தையல். தையல் சுத்தமில்லை என்பது முத்துக்கனியின் கருத்து.

"என்ன எழுதிருக்கு டீச்சரே? வாசியுங்க."

முத்துக்கனி வாசித்தாள். "காப்பி எங்கே. சட்டை எங்கே. குழம்பில் உப்பில்லை. உப்பு கூடிப்போச்சு. உனக்கென்ன தெரியும். வாயை மூடு. எங்கே போனாய். யாரோடு பேசினாய். காலை அமுக்கு. விளக்கை அணை."

இசக்கித்தாய் தலையில் கை வைத்துக்கொண்டாள். "எம்மா! இது பூரா எங்க வீட்டு ஆளு பேசுனதுல்லா! இவளுக யாருகிட்டக் கேட்டு எழுதுனாளுக?"

"அவங்க மெட்ராஸ்காரங்க. ஒங்க வீட்டுக்காரரத் தெரியாது."

"அப்ப அங்கனயும் இதே பேச்சுதானா? சவத்த மூதிய, புதுசா ஒரு சொல்லு படிக்கமாட்டானுகளா?" என்றாள் இசக்கித்தாய். பிறகு இரண்டடி நகர்ந்து கலியாணப் படத்துக்கு முன்னால் வந்தாள். முத்துக்கனி வீரபாண்டியன்பட்டினம் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

இசக்கித்தாய் படத்தைப் பார்த்தாள், முத்துக்கனியைப் பார்த்தாள், தூரத்தில் மேசை பக்கம் இருந்த அமலோற்பவத்தைப் பார்த்தாள். "நிக்க வச்சே வரைஞ்சாங்களாக்கும்? காலு கடுத்திருக்குமே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இப்படியேதான் மத்தியானம்வரை நடந்தது. யாருமே கேட்கவில்லை. "டீச்சர், படத்துல கொஞ்சம் சதை வச்சிருக்கிய" என்றார்கள். "இந்தச் சேலை என்ன கலரு, எங்க எடுத்தது?" என்றார்கள். "பூ ஜாடி நல்லா வந்திருக்கு" என்றார்கள். பார்த்தவர்கள் எல்லோரும் வெற்றிலைக் கடையில் அவளைப் பார்த்ததுபோலப் பார்த்துவிட்டு, அடுத்த படத்துக்கு நகர்ந்தார்கள். கேட்டால்தானே இல்லை என்று சொல்ல முடியும்? கஷ்டப்பட்டு மனப்பாடம் செய்த பொய் வாய்க்குள்ளேயே ஊறிக்கொண்டிருந்தது. இவ்வளவு பேருக்குத் தெரிந்த விஷயத்தையா இத்தனை வருஷம் மாடியில் குடிவைத்தோம் என்று அவளுக்குக் கோபம்கூட வந்தது.

மூன்று மணிக்குத் துறைமுகத்தில் கிளார்க்காக இருக்கிற ஜெயசிங் வந்தார். அவர் மகள் முத்துக்கனியிடம்தான் தையல் படிக்கிறாள். எதையும் ரசீது மாதிரி இரண்டு தடவை வாசிக்கிற மனுஷன். அட்டையை வாசித்தார். படத்தைப் பார்த்தார். மறுபடி அட்டையை வாசித்தார்.

"டீச்சர், இது யாரு? ஒங்கள மாதிரி இருக்கே."

கேட்டேவிட்டார். முத்துக்கனிக்கு வாய் தானாக ஓடியது. "நான் இல்ல சார். அது அமலோற்பவம் டீச்சரோட சித்தி மவ. வீரபாண்டியன்பட்டினம்."

"அப்படியா! தாடையில தழும்புகூட ஒங்களுக்கு இருக்க மாதிரியே இருக்கே."

"அவளும் விழுந்திட்டா சார்."

"ரெண்டு பேரும் ஒரே எடத்துல விழுந்திருக்கிய" என்று ஜெயசிங் அதை நம்பிக்கொண்டு போனார். முத்துக்கனி திரும்பினாள். பின்னால் இரண்டு தம்ளர் காப்பியோடு அமலோற்பவம் நின்றுகொண்டிருந்தாள்.

ஏசியிருந்தாலாவது தேவலை. அமலோற்பவம் ஒரு தம்ளரை முத்துக்கனி கையில் கொடுத்தாள். "சூடு ஆறிரும், குடி" என்றாள். மேசைக்குப் போய்த் தன் காப்பியை நிதானமாகக் குடித்தாள். தம்ளரைக் கீழே வைத்தாள். பையைத் திறந்து ஒரு இன்லண்டு கடிதத்தையும் பேனாவையும் எடுத்தாள். பேனாவை ஒரு உதறு உதறிவிட்டு, 'மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியை அம்மா அவர்களுக்கு' என்று திருச்சிக்கு எழுத ஆரம்பித்தாள்.

முத்துக்கனி அங்கேயே நின்றாள். அந்தப் பேனா போகிற சத்தம் அவளுக்குக் கேட்டது என்று சொன்னால் பொய். கிட்டங்கியில் அவ்வளவு கூச்சல். ஆனால் ஒவ்வொரு வரியாகக் கை இடமிருந்து வலம் போய்த் திரும்புவதை அவளால் பார்க்க முடிந்தது. ஓடிப்போய்ப் பிடுங்க வேண்டும் போல் இருந்தது. கால் வரவில்லை. நாளைக்கு யாருக்குக் காப்பி போடுவோம் என்று நினைத்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு, தூசி என்று பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் செந்தூர்பாண்டி உள்ளே வந்தார். மடிப்புக் கலையாத வேட்டி, கக்கத்தில் குடை, ஐம்பத்தைந்து வயசு. முதலில் தன் மூட்டைகள் பத்திரமாக இருக்கின்றனவா என்று பார்த்தார். அப்புறம்தான் சுலோசனா பின்னாலேயே வர, முதல் படத்திலிருந்து வரிசையாகப் பார்த்தார். கிட்டங்கிக்காரர் அல்லவா, ஒன்றையும் விடமாட்டார். தலையில்லாத ஒரு பெண் உப்புக்கூடை சுமக்கிற படத்துக்கு முன்னால் நின்றார்.

"தலை எங்கம்மா?"

"அவளுக்குத் தலை இருக்கறதை யாரும் பார்க்கறதில்லை சார். அதான் அர்த்தம்."

"அப்ப கூடையை எதுமேல வச்சிருக்கா?"

சுலோசனா ஊர் ஊராக வந்ததில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்கவில்லை. பதில் யோசிப்பதற்குள் அவர் மீசைக்காரியைத் தாண்டி, புடவையைத் தாண்டி, கலியாணப் படத்துக்கு வந்துவிட்டார். மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். படத்தைப் பார்த்தார். குனிந்து அட்டையை வாசித்தார். நிமிர்ந்து மறுபடி படத்தைப் பார்த்தார்.

"ஏளா முத்து. இது யாரு?"

முத்துக்கனி மேசையைப் பார்த்தாள். அமலோற்பவம் தலை தூக்கவில்லை. ஆனால் பேனா நின்றிருந்தது. முத்துக்கனி அதைப் பார்த்துவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"நான்தான் அண்ணே. நிக்கது நான். ஒக்காந்திருக்கது அமலோற்பவம்."

"அது தெரியுது. எனக்குக் கண்ணு இருக்கு. கீழ கலியாணப் படம்னு போட்டிருக்கே, வெளையாட்டுக்கா?"

"இல்ல."

"எந்த வருசம்?"

"அம்பத்தெட்டு. தை மாசம்."

"தை" என்றார் செந்தூர்பாண்டி. "முகூர்த்த மாசந்தான்."

கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் போட்டார். கூட்டைச் சட்டைப்பையில் போட்டார். குடையை எடுத்துக்கொண்டு, மீதிப் படங்களைப் பார்க்காமல் வெளியே போய்விட்டார். முத்துக்கனி அண்ணனுடைய அவுரி மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அமலோற்பவம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஒனக்கு ரெண்டாந்தடவ கேட்டாத்தான் வாய் வரும்" என்றாள். இன்லண்டு கடிதத்தை வீணாக்க மனசு வரவில்லை. மேலே எழுதியிருந்ததை அடித்துவிட்டு, 'அன்புள்ள தங்கச்சிக்கு, இங்கு மழை இல்லை' என்று ஆரம்பித்து ஊருக்கு ஒரு கடிதம் எழுதி முடித்தாள். முத்துக்கனி அவள் தோளில் சாய்ந்து, தூசி என்றுகூடச் சொல்லாமல் அழுதாள்.

ஒரு வாரம் செந்தூர்பாண்டியிடமிருந்து சத்தமே இல்லை. ஆள் விட்டுக் கூப்பிடவும் இல்லை. வீட்டைக் காலி பண்ணச் சொல்லத்தான் போகிறார் என்று இரண்டு பேரும் பழைய பாத்திரங்களைச் சாக்கில் கட்டி வைத்தார்கள். வாடகைக்கு வீடு பார்க்க இரண்டு தெரு அலைந்தார்கள். சேர்ந்து அலைந்தார்கள் என்பதில் முத்துக்கனிக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. அதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் ஒரு தட்டுவண்டி வந்து நின்றது. தள்ளிக்கொண்டு வந்தவன் கிட்டங்கி ஆள் செல்லப்பாண்டி. வண்டி நிறையப் பித்தளை: குடம், அண்டா, தாம்பாளம், குத்துவிளக்கு. ஒரு தாம்பாளத்தில் தேங்காய் பழத்தோடு பட்டுச் சேலை ஒன்றும், பட்டுக்கரை வேட்டி ஒன்றும். எல்லாவற்றுக்கும் மேலே, கயிறு போட்டுக் கட்டி, பெரிய தேக்குக் கட்டில். வண்டிக்குப் பின்னால் குடை பிடித்துக்கொண்டு செந்தூர்பாண்டி. வானத்தில் அப்போதுதான் மேகம் கூடிக்கொண்டிருந்தது.

"என்ன அண்ணே இது?"

"முறை" என்றார். "பொறந்த வீட்டுச் சீரு. தங்கச்சிக்கு முறை செய்ய மனசில்லாமத்தான் நான் ஒன்னயக் கட்டிக்குடுக்கலைன்னு பதினேழு வருசமா ஊரு பேசுது. நானும் ஒனக்குக் கலியாணம் வேண்டாம்போலன்னு வாய மூடிக்கிட்டு இருந்தேன். தையில முடிஞ்சிருக்கு, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல."

"சொன்னா நீங்க..."

"எனக்குப் பிடிக்கல" என்றார் செந்தூர்பாண்டி. "இப்பவும் பிடிக்கல. நாலு நாளாச் சோறு எறங்கல. அது வேற. முறை வேற."

அமலோற்பவம் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் தாம்பாளத்தை அவளிடம் நீட்டினார். "படத்துல நீங்கதான் நாற்காலியில இருந்திய டீச்சர். அந்த வழக்கப்படி வேட்டி ஒங்களுக்கு. என்ன செய்வியளோ எனக்குத் தெரியாது." அமலோற்பவம் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"மதினி வரலையா?" என்றாள் முத்துக்கனி.

"அவளுக்குத் தலைவலி. இன்னும் ரெண்டு மூணு வருசத்துக்குப் போகாதுன்னு சொல்லச் சொன்னா."

"நம்மளப் பெத்த ஐயா மட்டும் இருந்திருந்தா..." என்று முத்துக்கனி ஆரம்பித்தாள். முடிக்க முடியாமல் அழுகை வந்தது.

"வெட்டிப் போட்டிருப்பாரு" என்றார் செந்தூர்பாண்டி. கொஞ்சம் யோசித்தார். "வெட்டிப் போட்டுட்டு, முறையையும் செஞ்சிருப்பாரு. அழாத."

இதற்குள் செல்லப்பாண்டி கயிற்றை அவிழ்த்துக் கட்டிலை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்திருந்தான். தேக்கு, நல்ல கனம். "அண்ணாச்சி, கட்டிலை எங்கன போடணும்?" என்று கேட்டான்.

செந்தூர்பாண்டி காதில் விழாதது போலத் தெருவைப் பார்த்தார். எதிர்வீட்டு ஜன்னலில் இரண்டு தலை தெரிந்தது. அமலோற்பவம் தாம்பாளத்தைப் பார்த்தாள்.

முத்துக்கனி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். தெருவில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "எங்க ரூம்ல போடுங்க. நாங்க படுக்க ரூம் அதோ, வலது பக்கம். ஜன்னலோரமாப் போடுங்க" என்றாள்.

செல்லப்பாண்டி கட்டிலைத் தூக்கினான். செந்தூர்பாண்டி குடையை மடக்கினார். ஒரு தடவை செருமினார். பதினேழு வருஷத்தில் முதல் தடவையாகப் படியேறி வந்து, அந்த அறை வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஏலே, ஜன்னலோரம் வேண்டாம்" என்றார் அவனிடம். "மழைச் சாரல் அடிக்கும். உள்சுவரு பக்கமாத் தள்ளிப் போடு."